கரும்பாறைக்குக் கீழே

சரவணா,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது, கீழ் வீட்டு மெஹரு அக்காவின் கூடத்தில் பேரப்பிள்ளைகள் டிவியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். நீ பேசியதில் பாதிதான் என் காதில் விழுந்தது. விழுந்த பாதியே போதும். வடக்கே நீ வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஊருக்கு மேலே, மலைக் கிராமங்களில் சில வாரங்களாக நிலம் லேசாக அதிர்ந்துகொண்டிருக்கிறது என்றாய். ஜனங்கள் பயந்துபோய் வீட்டுக்கு வெளியே படுக்கிறார்கள், கருவிகளை எடுத்துக்கொண்டு அங்கே போகப்போகிறோம், அவர்களிடம் பேச வேண்டிய பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். உடம்பைப் பார்த்துக்கொள், ஸ்வெட்டர் எடுத்துப் போ என்று ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மாடிப்படி ஏறி வந்து, அரிசியைக் களைந்தவள் அடுப்பில் வைக்க மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ கிளம்புவதற்கு முன்னால் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு எழுதுகிறேன்.

உன் அப்பாவைப் பற்றி எழுதப்போகிறேன். இந்த இடத்தில் உன் முகம் எப்படிச் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். அவர் போய் மூன்று வருஷமாகிறது. இன்றைக்கும் பேச்சில் அவர் வந்தால் நீ ‘அவர்’ என்கிறாய், ‘அப்பா’ என்று சொல்வதில்லை. கல்லூரியில் புவியியற்பியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று நீ வந்து நின்ற அன்றைக்கு, அவர் வேண்டாம் என்று சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து உங்கள் இருவருக்கும் நடுவில் நான் ஓடிக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் சொல்லும்மா, அவனிடம் சொல்லு என்று. இரண்டு வருஷம் அப்படியே போனது. காரியமெல்லாம் முடிந்து நீ விடுதிக்குத் திரும்பும்போது, எழும்பூர் பிளாட்பாரத்தில் என்னிடம் கேட்டாய்: “அவருக்கு என் மேல என்னதான்மா கோவம்? நான் அவரை மிஞ்சிடுவேன்னா?” காரணம் எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். இன்றைக்கு அதை மீறுகிறேன். அவர் இருந்திருந்தால் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

தரமணி குவார்ட்டர்ஸில் இருந்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். நான் அப்போதுதான் மயிலாப்பூரில் இந்தப் பெண்கள் பள்ளியில் சேர்ந்து எட்டாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பூமியின் உள்ளமைப்பு என்று ஒரு பாடம். மேலோடு, கவசம், கருவம் என்று மூன்று வட்டம் போட்டு, மூன்று கலர் சாக்பீஸால் தீட்டுவேன். பிள்ளைகள் சியால், சிமா, நைஃப் என்று அடுக்குகளின் பெயரை ராகம் போட்டு மனப்பாடம் செய்வார்கள். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, முட்டை மாதிரி என்று சொல்லிக்கொடுத்தேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம். முட்டையை உடைத்துப் பார்த்துவிடலாம், பூமியை யார் உடைத்துப் பார்த்தார்கள், அதை முதலில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா என்றார். மனிதன் தோண்டியதிலேயே ஆழமான துளை ருஷ்யாவில் இருக்கிறது, அதுவே பன்னிரண்டு கிலோமீட்டர்தான், மையத்துக்குப் போக ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் இருக்கிறது என்றார். பிறகு சோறு ஆற ஆறச் சொல்ல ஆரம்பித்தார்.

எங்கோ ஓரிடத்தில் பூகம்பம் வந்தால் அந்த அதிர்ச்சி இரண்டு விதமான அலையாகப் பூமிக்குள்ளே பயணம் போகிறதாம். ஒன்று முன்னால் நெருக்கித் தள்ளிக்கொண்டு போவது, இன்னொன்று பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு போவது. உலகத்தின் மறுபக்கத்தில் கருவியை வைத்துக்கொண்டு காத்திருந்தால் முதல் வகை அலை வந்து சேர்கிறது, இரண்டாவது வருவதில்லை. ஆட்டும் அலை திரவத்துக்குள் போகாது. அப்படியென்றால் நடுவில் எங்கோ உருகிய இரும்புக் கடல் ஒன்று அதை விழுங்கிவிடுகிறது. அந்தக் கடலுக்குள்ளும் ஒரு கெட்டியான உருண்டை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தவள் ஒரு பெண், கருவி வரைந்த கோடுகளில் யாரும் கவனிக்காத ஒரு சின்ன நெளிவை வைத்தே கண்டுபிடித்தாள், இதையும் உன் பிள்ளைகளுக்குச் சொல் என்றார். கவசம் என்று நீங்கள் சிவப்பில் தீட்டுகிறீர்களே, அது குழம்பு இல்லை, பாறைதான், ஆனால் கோடிக்கணக்கான வருஷத்தில் பார்த்தால் அந்தப் பாறையும் நகர்கிறது என்றார். உனக்குப் பத்து வயது. தட்டில் கை காய்ந்துபோக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அப்படியென்றால் நடுவில் இருப்பதை யாருமே பார்த்ததில்லையா என்று கேட்டாய். பார்த்ததில்லை, ஆனால் தெரியும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறெந்தச் சமயத்திலும் பார்த்ததில்லை. அன்றைக்கே நீ இந்தப் படிப்புக்குப் போய்விட்டாய் என்று எனக்குத் தோன்றும். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெறும் விண்ணப்பம்தான்.

தொண்ணூற்று இரண்டில், மராட்டிய மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், ஒரு காலத்தில் நிஜாம் ஆண்ட பக்கத்தில், சில கிராமங்களில் நிலம் அதிர்ந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. பாத்திரம் உருளும், சுவரில் விரிசல் விடும். ஆனால் நிலத்துக்குள்ளிருந்து வண்டி ஓடுகிற மாதிரி சத்தம் வந்ததில் ஜனங்கள் மிரண்டுபோனார்கள். வயல்காட்டில் சோளத் தட்டையால் குடிசை போட்டுக்கொண்டு வெளியே படுத்தார்கள். அப்பாவைப் போய்ப் பார்த்துவரச் சொல்லி அவர் வேலை பார்த்த பூகம்ப ஆராய்ச்சி ஆபீசில் அனுப்பினார்கள். அவர் போனார். ஊர்ச் சாவடியில் கூட்டம் கூட்டி, அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். உங்கள் காலுக்குக் கீழே இருப்பது எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த கரும்பாறை, அதற்குக் கீழே இருப்பது உலகத்திலேயே மிகப் பழைய பாறைகளில் ஒன்று, அது எப்போதோ அசைந்து அடங்கிவிட்டது, பெரிய பூகம்பம் இமயமலைப் பக்கம்தான் வரும், இங்கே வராது, வீட்டுக்குள் போய்ப் படுங்கள் என்றார். அன்றைக்குப் புத்தகங்கள் எல்லாமே அப்படித்தான் சொல்லின. அவர் சொன்னதை வாத்தியார் மராத்தியில் சொன்னார். அதற்கப்புறம் தெருத்தெருவாக, வீடு வீடாகப் போயும் சொன்னார். ஜனங்கள் வீட்டுக்குள் போனார்கள்.

கிளம்பும்போது அந்த ஊர்க்காரர்கள் ஒரு மூட்டை துவரம்பருப்பு கொடுத்தனுப்பினார்கள். அந்தப் பருப்பில் எத்தனை சாம்பார் வைத்தேன். நீகூட, வழக்கத்தைவிட நன்றாகக் குழைகிறதே என்றாய்.

ஒன்று மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவர் திரும்பி வந்ததும், அங்கே சில கருவிகளை நிரந்தரமாக வைக்க வேண்டும் என்று மேலே கேட்டார். கரும்பாறை மேலே மூடியிருப்பதால் அதற்குக் கீழே பழைய பாறையில் பிளவு எதுவும் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது, பார்த்துவிடலாம் என்றார். அது உறுதியான நிலம், அங்கே எதற்குக் கருவி என்று சொல்லிவிட்டார்கள். அது மட்டுமில்லை. அவர் அந்த ஊரில் இருந்தபோதே ஆபீசிலிருந்து, பீதி பரவக்கூடாது, தைரியம் சொல்லிவிட்டு வாருங்கள் என்று தகவல் அனுப்பியிருந்தார்கள். இதையெல்லாம் அப்போது என்னிடம் ஆபீஸ் புலம்பலாகச் சொன்னார். நானும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன்.

அடுத்த வருஷம் விநாயகரைக் கரைத்த மறுநாள் விடியுமுன், அந்தக் கிராமங்கள் தரைமட்டமாகின. ஊரே விழா முடிந்து களைத்துத் தூங்கிக்கொண்டிருந்த நேரம். காலை ரேடியோவில் செய்தி வந்தபோது அப்பா ஷேவ் செய்துகொண்டிருந்தார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் பாதி முகத்தில் நுரையோடு வந்து ரேடியோவுக்கு முன்னால் நின்றார். செய்தி முடிந்து பாட்டுப் போட்ட பிறகும் நின்றார். யாரும் அனுப்பாமலே அன்றைக்கே கிளம்பிப் போனார். பல வாரம் கழித்து வந்தபோது அவர் நகங்களெல்லாம் உடைந்திருந்தன. நீ கேட்டாய், கருவி தூக்கியதில் பட்டது என்றார். பிணங்களை எடுக்கக் கல்லைப் புரட்டியதில் பட்டது அது.

அங்கே என்ன பார்த்தார் என்பதை அவர் ஒரே மூச்சில் என்றைக்கும் சொன்னதில்லை. துணி மடிக்கும்போது ஒன்று, பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒன்று என்று சொல்வார். அந்த ஊர் வீடுகளின் சுவர் ஒரு ஆள் படுக்கிற அகலம். உருண்டைப் பாறாங்கற்களை மண் குழைத்து அடுக்கியவை. மேலே மரச் சட்டம், அதன் மேல் வெயில் தாங்குவதற்காக முழங்கால் உயரத்துக்கு மண். முதல் தடவை போனபோது அந்த வீடுகளுக்குள் உட்கார்ந்து மோர் குடித்திருக்கிறார். எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். “ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அடில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், கமலா. அந்த ஊருக்குக் கொஞ்சம் கீழ என்ன இருந்துச்சுன்னு தெரியல. தலைக்கு மேல இருந்த கல்லும் கண்ணுல படல” என்று ஒரு நாள் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் சொன்னார். பக்கத்தில் நின்ற பூக்காரம்மா திரும்பிப் பார்த்தாள்.

அதன் பிறகு அவரால் ஆபீசுக்குப் போக முடியவில்லை. போவார், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவார். யாரும் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்குமோ என்னவோ. தானாக எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தைவெளியில் இந்த மாடிப் போர்ஷனுக்கு வந்தோம். நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். உன் அறை போனது, நண்பர்கள் போனார்கள், காலையில் அடிபம்பில் தண்ணீர் அடிக்கிற வேலை வந்தது. அப்பாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், அதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நீ நினைத்தாய். அப்படித்தான் உன் சிநேகிதனிடம் மாடிப்படியில் நின்று சொன்னாய். அதை அவரும் கேட்டார். கேட்டுவிட்டு, அவன் அப்படியே நினைக்கட்டும் என்றார்.

உனக்கு பிசிக்ஸ் பரீட்சை நடந்த அன்றைக்கு ஒருவர் வீட்டுக்கு வந்தார். நீ திரும்பி வந்து, வாசலில் இருக்கிற செருப்பு யாருடையது என்று கேட்டாய், அப்பா ஆபீஸ் ஆள் என்று நான் சொன்னேன். அவர் ஆபீஸ் ஆள் இல்லை. அந்தக் கிராமத்து வாத்தியார் விட்டல்ராவ். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தலை முழுக்க நரைத்திருந்தது. இடிபாட்டில் கால் நசுங்கிய மகளை அடையாறில் ஒரு எலும்பு மருத்துவமனைக்குக் கூட்டிவந்திருந்தார். ஆபீசில் கேட்டு, தரமணியில் கேட்டு, கடைசியில் மந்தைவெளிக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அவரை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் அப்பா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. மாடியிலிருந்து குரல் கொடுத்து மெஹரு அக்காவை வரச் சொன்னேன். அவர்கள் வீட்டில் பேசும் உருதுவும் அந்தப் பக்கத்து இந்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான் போல. இரண்டு பேரும் சரளமாகப் பேசிக்கொண்டார்கள். அவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பேசினார். மெஹரு அக்கா கேட்கக் கேட்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும் போய்விட்டார்கள். இந்தப் பெண் மட்டும், சுமன் என்று பெயர், மாட்டுக் கொட்டகைப் பக்கமாகப் படுத்திருந்ததால் பிழைத்தாள். இதைச் சொல்லிவிட்டு அவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ கேட்டார். மெஹரு அக்கா என் பக்கம் திரும்பினார்.

“இன்னா கேக்கறாருன்னா தங்கச்சி, சாரைத் திட்டறதுக்கோ சண்டை போடறதுக்கோ வரல. அன்னிக்கு சார் நெசமாவே நம்பித்தான் அப்டி சொன்னாரா, இல்ல மேல கீறவங்க சொல்லச் சொன்னாங்கன்னு சொன்னாரா, அத்த மட்டும் தெரிஞ்சிக்கினு போறேன்றாரு. இவருதான் வூடு வூடா போயி எல்லார்கிட்டயும் சொன்னாராம்.”

அந்தக் கூடம் எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும். உள்ளறையில் பாய் சுருட்டுகிற சத்தம்கூட வெளியே கேட்கும். நான் கதவைத் தட்டவில்லை. தட்டினால் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவரே திறந்துகொண்டு வந்தார். வந்து நாற்காலியில் உட்காராமல் விட்டல்ராவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். இந்தியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். மெஹரு அக்கா சொல்லாமலே, அவர் முகத்தைப் பார்த்தே எனக்கு அது புரிந்தது, இருந்தாலும் சொன்னார்: “நம்பித்தான் சொன்னாராம்.”

சரவணா, இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படி. மேலே இருக்கிறவர்கள் சொல்லச் சொன்னார்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். அது பொய்யில்லை. கருவி கேட்டேன், கொடுக்கவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். இரண்டையும் சொல்லியிருந்தால் விட்டல்ராவ் ஏதோ ஒரு ஆபீசைச் சபித்துவிட்டுப் போயிருப்பார், அப்பாவும் கொஞ்சம் தூங்கியிருப்பார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. அவர் கேட்டது நான் நம்பினேனா என்று, நான் நம்பினேன், அவ்வளவுதானே கேள்வி என்றார்.

விட்டல்ராவ் அதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பேசினார். பேசும்போது அவர் உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. மெஹரு அக்கா முதலில் கொஞ்சம் சொன்னார்: “அப்டின்னா நானும் பொய் சொல்லலன்றாரு.” அதற்கு மேல் சொல்ல முடியாமல் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். மீதியைப் பிறகு அப்பாதான் எனக்குச் சொன்னார். அவர் மனைவிக்கு அந்த வீட்டுக்குள் படுக்கவே பிடிக்கவில்லையாம். ஊரெல்லாம் உள்ளே போன பிறகும் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வயலில் படுத்திருந்தாளாம். வாத்தியார் பெண்டாட்டியே வெளியே படுத்தால் ஊர் எப்படி நம்பும் என்று இவர்தான் போய் அவளை உள்ளே கூட்டிவந்தாராம்.

அதன் பிறகு சுமன் மருத்துவமனையில் இருந்த வரையில் அப்பா தினமும் போனார். நீ பரீட்சை எழுதிக்கொண்டு, எழுதி முடித்துவிட்டு சினிமாவுக்குப் போய்க்கொண்டு இருந்தாய். அவர் எங்கே போகிறார் என்று நீ கேட்கவில்லை. நான் சில நாள் ரசம் சாதம் கட்டிக்கொண்டு கூடப் போனேன். அந்தப் பெண்ணின் கால் பிழைத்தது, ஆனால் ஒரு கால் குட்டையாகிவிட்டது, கோல் ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்றார்கள். அவள் என்னிடம் ‘அம்மா, போதும்’ என்ற இரண்டு தமிழ் வார்த்தையைக் கற்றுக்கொண்டாள். வெளியே மரத்தடிப் பெஞ்சில் அந்த இரண்டு ஆண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்குக் கிளம்பும் அன்று சென்ட்ரலில் அப்பா அவர் கையைப் பிடித்தார். அவர் பிடிக்க விட்டார், அவ்வளவுதான். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. மன்னிப்பதற்கு அவருக்கு உரிமை இருப்பதாக அவரே நினைத்த மாதிரி தெரியவில்லை. மனசு லேசாகும் என்று நான் எதிர்பார்த்தேன். அப்பாவுக்கு ஆகவில்லை. இதெல்லாம் இப்படித்தான் முடியும், கண்ணா. சிலவற்றைப் பேசினால் தீர்ந்துவிடும் என்று உனக்கு யாராவது சொன்னால், உடனே நம்பிவிடாதே.

இது நடந்து இரண்டு மாதத்தில்தான் நீ கல்லூரியில் இடம் கிடைத்த கடிதத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றாய். அவர் முதலில் சிரித்தார், நீ கவனித்தாயோ என்னவோ. பிறகு வேண்டாம் என்றார். ஏன் என்று நீ கேட்டதற்குப் பதில் வராததும், உங்களால் முடியாமல் ஓடி வந்துவிட்டீர்கள், நானும் ஓட வேண்டுமா என்றாய். அவர் எழுந்து மாங்கொல்லைப் பக்கம் நடக்கப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் குளம் வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அங்கே வைத்துச் சொன்னார்.

“படிக்கட்டும், நான் தடுக்கல. நல்ல படிப்பு. எனக்கு பயம் என்னன்னா, ஒரு நாள் யாராவது அவன்கிட்ட வந்து, சார், நாங்க உள்ள போய்ப் படுக்கலாமான்னு கேப்பாங்க. அவனும் கெட்டிக்காரன். பதில் சொல்லிடுவான்.”

அதையே அவனிடம் சொல்லுங்களேன் என்றேன். மாட்டேன் என்றார். சொன்னால் முழுக்கச் சொல்ல வேண்டும், முழுக்கச் சொன்னால் அவனுக்கு என் மேல் பரிதாபம் வரும், பையன் கண்ணில் பரிதாபத்தைப் பார்ப்பதைவிடக் கோபமே இருந்துவிட்டுப் போகட்டும், நீயும் சொல்லாதே என்றார். சரி என்றேன். இரண்டு வருஷம் கழித்து லஸ் முனையில் காய்கறிப் பையோடு விழுந்தவரை யாரோ ஆட்டோவில் ஏற்றி வந்தார்கள். நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இரண்டு வருஷமும் உன் மார்க் ஷீட்டை நான் அலமாரியில் வைத்த பிறகு அவர் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார். பாறை இயற்பியலில் நீ வாங்கிய மார்க்கைப் பார்த்து, பரவாயில்லையே என்றார். நீ அவரை மிஞ்சிவிடுவாய் என்ற பொறாமை அவருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. நீ அவரைப் போலவே ஆகிவிடுவாய் என்ற பயம்தான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. யாராவது அங்கே போகத்தான் வேண்டும். நீ போவதில் எனக்குச் சம்மதமே. இப்போது புத்தகங்கள் மாறியிருக்கும். பழைய பாறைக்குள்ளும் பிளவு உண்டு என்று அவற்றில் எழுதியிருப்பார்கள். நீ அவரைவிட அதிகம் தெரிந்தவன். ஆனால் உன் கருவிகளும் ஏதாவது ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த இடம் எது என்பதை ஜனங்களிடம் மறைக்காதே. தெரியாது என்று சொன்னால் அவர்கள் முகம் வாடும். உன் மேலதிகாரிக்குப் பிடிக்காது. பீதியைக் கிளப்புகிறான் என்பார்கள். வேலைக்கே ஆபத்து வரலாம். வந்தால் வரட்டும். இங்கே போர்ஷன் இருக்கிறது, அடிபம்பு இருக்கிறது, என் சம்பளம் இருக்கிறது. அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது ஏதாவது ஆறுதல் சொல்லத்தான் மனசு வரும். உனக்கு இளகின மனசு, அவருக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த மனசால்தான் அவர் அன்றைக்கு அவ்வளவு உறுதியாகப் பேசினார்.

இன்னொன்று. இது அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் கடைசி வருஷத்தில். முதல் தடவை போனபோது, ஊர்க்காரர்களை உள்ளே போய்ப் படுங்கள் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் ஜீப்பில் ஏறி, தாலுகா ஊரில் இருந்த பயணியர் விடுதியில் போய்த் தங்கியிருக்கிறார். தகரக் கூரை போட்ட கட்டடம், தலைக்கு மேலே கல்லும் மண்ணும் இல்லை. வேறு எண்ணம் எதுவும் இல்லை, அங்கேதான் அறை போட்டிருந்தார்கள். நீ போகிற இடத்திலும் அப்படி ஒரு விடுதி இருக்கும், உனக்கும் ஒரு அறை போட்டு வைத்திருப்பார்கள். அதை வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்த ஜனங்கள் எங்கே படுக்கிறார்களோ, அங்கேயே உன் பாயையும் விரி.

அம்மா